இரும்புப் பெட்டியில் முப்பத்தெட்டு ரசீதுகள்

பரந்தாமன் 1898-ல் பிறந்தார். 1948 தை மாதம் இறந்தார். நெசவாளர். திருத்தணி மலையடிவாரத்தில், குளத்துக்குப் போகும் வழியில் இருக்கும் நெசவாளர் தெருவில், ஒரே வீட்டில் ஐம்பது வருஷம் இருந்தார். அந்த வீடு அவருடையது அல்ல. தறி மட்டும் அவருடையது. நாற்பதாம் நம்பர் நூலில் எட்டு முழ வேட்டி நெய்வார்.

யுத்தம் வந்த பிறகு நூல் போன இடம் தெரியவில்லை. சர்க்கார் நூலைக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தது. கட்டுப்பாட்டுக்கு வந்ததும் அது கறுப்புச் சந்தைக்கும் வந்தது. மாதத்தில் பத்து நாள் தறி ஓடினால் அதிகம். 1944 கடைசியில் பரந்தாமன் காலை பாசஞ்சரில் அரக்கோணத்துக்குப் போய், விமானத் தளத்தில் மூட்டை இறக்கும் கூலியாகச் சேர்ந்தார். கூடவே சிங்காரம் போனார். சிங்காரம் அதே தெரு, மெட்ரிக் பாஸ், தளத்தின் ஸ்டோரில் குமாஸ்தா. இருவருக்கும் ஒரே வயது. சாப்பாட்டு வேளையில் ஒரே லாரி நிழலில் உட்காருவார்கள்.

அந்த லாரியை ஓட்டியவன் ஒரு அமெரிக்கச் சிப்பாய். பெயர் வில்லி. கறுப்பன். ஆறடி இரண்டங்குலம் இருப்பான். மதியத்தில் லாரிக்கு அடியில் படுத்துத் தூங்குவான். அவன் கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

தளத்துக்கு வரும் படம் போட்ட அமெரிக்கப் புத்தகங்கள் பழையதானதும் சிங்காரம் எடுத்துக்கொள்வார். ஒரு நாள் அதில் ஒன்றைத் தொடையில் விரித்துவைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"அமெரிக்காவுல யார் வேணா ஆளலாம், தெரியுமா பரந்தாமா? மரக்குடிசையில பொறந்த ஒருத்தன் பிரசிடெண்டு ஆயிகீறான்."

"ஆனப்புறம் குடிசையிலயே இருந்தானா?"

"அது எப்படிபா இருப்பான்?"

"அப்ப சரி."

"இன்னா அப்ப சரி? எல்லாருக்கும் ஓட்டுபா அங்க. ஜில்லா போர்டு எலெக்‌ஷன்ல உன்கிட்ட எவனாவது வந்து கும்பிட்டானா? அங்க கோடீஸ்வரன்கூட வாசல்ல வந்து நிப்பான்."

பரந்தாமன் சிரித்தார். லாரிக்கு அடியிலிருந்து வில்லி தலையை நீட்டி, என்ன சிரிப்பு என்று கேட்டான். சிங்காரம் புத்தகத்தைக் காட்டி இங்கிலீஷில் சொன்னார். வில்லி எழுந்து உட்கார்ந்தான். சிகரெட் பற்ற வைத்தான். பிறகு நிதானமாக, கை விரல்களை மடக்கி மடக்கிப் பேசினான். சிங்காரத்தின் முகம் போகப் போகச் சுருங்கியது.

"இன்னா சொல்றான்?"

"அவங்கப்பா நாப்பது வருசம் பருத்தி பொறுக்கினாராம். மிசிசிப்பின்னு ஒரு ஊரு. ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லையாம்."

"ஏன்? படிக்கலையா?"

"ஓட்டுப் போட வரி கட்டணுமாம். வருசத்துக்கு ரெண்டு டாலரு. நம்ம காசுல ஆறரை ரூபா ஆவும்."

"வீட்டுக்கா வரி?"

"இல்லபா. தலைக்கு. ஓட்டுப் போடற தலைக்கு."

பரந்தாமன் மேலும் கேட்கச் சொன்னார். சிங்காரம் கேட்டார். வில்லி சொன்னதைச் சிங்காரம் மனமில்லாமல் தமிழில் சொன்னார். கறுப்பன் அந்த இரண்டு டாலரைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் ஆயிரம் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏழை வெள்ளைக்காரனிடம் இரண்டு டாலர் இருக்காது. அவர்கள் ஊரில் மரம் அறுக்கும் மில் ஒன்று உண்டு. மில் முதலாளி தன்னிடம் வேலை செய்கிற வெள்ளைக்காரர்களுக்கெல்லாம் தானே வரி கட்டுவார். ரசீதுகளைத் தன் இரும்புப் பெட்டியில் வைத்துக்கொள்வார். ஓட்டுப் போடும் நாளன்று ஆளுக்கொரு ரசீதும் ஒரு மடக்குச் சாராயமும் கொடுத்து லாரியில் ஏற்றி அனுப்புவார்.

"எவன் ஜெயிப்பான்?"

"நிக்கிற ரெண்டு பேரும் முதலாளி வூட்லதான் ராத்திரி சாப்பாடு சாப்பிடுவானாம்."

பரந்தாமனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ரசீதை அவன்கிட்டயே கொடுத்துட்டுக் கையைக் கட்டிகினு நிக்கிறானுங்களா? இவ்ளோ பெரிய ஏரோப்ளேன் செய்யறானுங்க, ஒரு துண்டுக் காகிதத்தை வூட்ல வெச்சிக்கத் தெரியல!"

சிங்காரம் விடவில்லை. அது தெற்குப் பக்கம் மட்டும்தான், வடக்கே அந்த வரி கிடையாது என்று புத்தகத்தைத் தட்டினார். வில்லி அதை ஒப்புக்கொண்டான். வடக்கில் வரி இல்லை, அங்கே எவன் நிற்பது என்பதைப் பணம் உள்ள நாலு வீடு முன்னாலேயே பேசி முடித்துவிடும் என்றான். நாடு ஆரம்பித்த நாளில் நிலம் வைத்திருந்தவனுக்குத்தான் ஓட்டு. பிறகு நிலம் வேண்டாம் என்றார்கள். கதவைத் திறந்துவிட்டு வாசலில் ஆளை நிறுத்தினார்கள். பெட்டியைக் குறை சொல்லாதே, பெட்டி நல்ல பெட்டிதான் என்றான் வில்லி. பெட்டி வரைக்கும் போகிற வழிதான் அவர்களுடையது.

"ஒரு லாரிக்காரன் பேச்சை வெச்சிகினு ஒரு தேசத்தை எடை போடாதபா" என்றார் சிங்காரம், வண்டியில் திரும்பும்போது.

பரந்தாமன் தேசத்தை எடை போடவில்லை. அவருக்கு அந்த ரசீது மட்டும் மனத்தில் நின்றது. தெருவில் அதை ஒரு வேடிக்கைக் கதையாக மாதக்கணக்கில் சொன்னார். பாவு ஓட்டும்போது சொன்னார். கஞ்சி போடும்போது சொன்னார். கேட்டவர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

யுத்தம் முடிந்தது. தளத்தில் கூலி நின்றது. வில்லி எந்தக் கப்பலில் போனானோ தெரியாது.

1946 மார்ச்சில் சென்னைச் சட்டசபைத் தேர்தல் நடந்தது. வரி கட்டுகிறவர்களுக்கும் இன்னும் சில வகையினருக்கும் ஓட்டு. நெசவாளர் தெரு வீடுகளுக்கு வரி கட்டியவர் மணவாளன். வீடுகள் அவருடையவை. பட்டியலில் அந்தத் தெருவிலிருந்து இருந்தது அவர் பெயரும் அவர் மனைவி பெயரும் இன்னும் மூன்று பெயர்களும்தான்.

மணவாளன் பரந்தாமனுக்கு அக்கா புருஷன்; பாவா என்று கூப்பிடுவார். முப்பத்தெட்டுத் தறிக்கு நூல் கொடுத்து வேட்டியாக வாங்கிக்கொள்ளும் முதலாளி. குரலை உயர்த்திப் பேசமாட்டார். யார் வீட்டுச் சாவுக்கும் முதலில் வந்து நிற்பார். அவர் வீட்டுக் கூடத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி இருந்தது. தெருவில் ஓடு ஒழுகாத, கரையான் ஏறாத வீடு அது ஒன்றுதான். அதனால் தெருவின் முக்கியமான காகிதங்கள் எல்லாம் அந்தப் பெட்டியில் இருந்தன. ஜாதகம், கல்யாணப் பத்திரம், காணிக் காகிதம், குழந்தைகளின் வெள்ளிக் கொலுசு. அதில் வைத்த எதுவும் என்றைக்கும் தொலைந்ததில்லை. இதையும் சொல்லியாக வேண்டும்.

அந்தச் சித்திரையில்தான் சங்கம் வந்தது. இனிமேல் நூல் முதலாளிகளுக்கு வராது, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குத்தான் வரும் என்று சர்க்கார் சொன்னது. ஒரு பங்கு எடுத்தவன் அங்கத்தினன். அங்கத்தினனுக்கு ஒரு ஓட்டு. முதலாளியானாலும் ஒன்றுதான்.

பரந்தாமன் அந்த விதியைச் சிங்காரத்தை இரண்டு தரம் படிக்கச் சொன்னார்.

"முதலாளிக்கும் ஒண்ணுதானா?"

"ஆங். ஒண்ணுதான்."

"சேர்த்துப் போட்டா?"

"எப்படிப் போட்டாலும் ஒண்ணுதான்பா."

எல்லாருடைய பங்குத் தொகையையும் தானே கட்டிவிடுவதாக மணவாளன் சொல்லி அனுப்பினார். பரந்தாமன் வேண்டாம் என்றார். வீடு வீடாகப் போனார். அவனவன் பங்கை அவனவன் கட்ட வேண்டும், மிசிசிப்பிக்காரன் மாதிரி நிற்கக்கூடாது என்றார். முனியன் வெண்கலப் பானையை விற்றார். எல்லம்மாள் தன் புருஷன் பெயருக்குக் கட்ட ஆட்டுக்குட்டியை விற்றாள். பரந்தாமன் மனைவி வரலட்சுமி மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்தாள். முப்பத்தெட்டுப் பேரும் தங்கள் பங்கைத் தாங்களே கட்டினார்கள். ஆளுக்கொரு ரோஜா நிற ரசீது வந்தது. பரந்தாமன் அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் மேலும் கீழும் நடந்தார். அவர் அப்படி நடந்தது அந்த ஒரு நாள்தான்.

எட்டாவது நாள் கோடை மழை கொட்டியது. முனியன் வீட்டு ஓடு சரிந்து, கூரையில் செருகியிருந்த ரசீது ஈரத்தில் கசங்கிப்போனது. முனியன் அதை ஆணம் கொதிக்கும் அடுப்புக்கு மேலே பிடித்து உலர்த்தினார்.

"இன்னாங்க, இதெல்லாம் பாவா வூட்டுப் பெட்டியில வெச்சிட்டா இன்னா?" என்றாள் வரலட்சுமி.

பரந்தாமனுக்கும் அதுதான் சரி என்று பட்டது. அவரே வீடு வீடாகப் போய் முப்பத்தெட்டு ரசீதுகளையும் வாங்கினார். வரிசையாக அடுக்கி, நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, அக்கா கமலாவின் கையில் கொடுத்தார். கமலா பெட்டியைத் திறந்து வைத்தாள். அந்த நேரத்தில் அவருக்கு மர மில் முதலாளி நினைவுக்கு வரவில்லை. அவன் யாரோ. இது பாவா. ஒரு வருஷத்துக்கு முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த மனிதர், தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தார்.

தேர்தல் நடக்கும் வரை மணவாளன் தற்காலிகத் தலைவர். முதல் நூல் வண்டி வந்தபோது பரந்தாமன் ரயிலடியில் நின்றார். இருபது சிப்பம் இறங்கின. தெருவுக்குப் பன்னிரண்டு வந்தன.

"பாவா, மீதி எட்டு எங்க?"

"எலி தின்னுட்டுது பரந்தாமா" என்றார் மணவாளன் சிரித்துக்கொண்டே. கூடத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

"எலிக்கு மெட்ராஸ்ல சேட்டு வூட்டு விலாசம் தெரியுமா?"

அப்போது யாரும் சிரிக்கவில்லை. கமலா காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே பரந்தாமன் தலைவர் பதவிக்கு நிற்பதாகச் சொன்னார். தலைவர் கையில்தான் நூல். தலைவர் மாறினால் இருபது சிப்பமும் தெருவுக்கு வரும். முப்பத்தெட்டுத் தறியும் மாதம் முழுக்க ஓடும். அவர் வேறு எதையும் விரும்பவில்லை.

கை தூக்கி ஓட்டுப் போட்டால் முதலாளி முகத்தைப் பார்த்து எவனும் கை தூக்கமாட்டான் என்பது அவருக்குத் தெரியும். ரகசிய ஓட்டு வேண்டும் என்று சிங்காரத்தை வைத்து மனு எழுதினார். மேற்பார்வைக்கு வந்த இன்ஸ்பெக்டர் ஒப்புக்கொண்டார். மணவாளனும் மறுக்கவில்லை. அவர் மறுக்காததைப் பரந்தாமன் தன் முதல் வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

அவருடைய மகன் ஏகாம்பரம் அரக்கோணம் ரயில்வே பட்டறையில் பிட்டர் அப்ரண்டிஸ். பரந்தாமன் அவனிடம் பெட்டி செய்யச் சொன்னார்.

"எப்படி வேணும் நைனா?"

"உள்ள போனது வெளிய தெரியக்கூடாது. வெளிய இருந்து எதுவும் உள்ள போகக்கூடாது."

ஃபோர்மனிடம் கேட்டு, கழித்த தகடு எடுத்து, ஏகாம்பரம் இரண்டு பெட்டிகள் செய்தான். பதினாறு அங்குல நீளம், பத்து அகலம், பத்து உயரம். மூலைகள் மடித்து ரிவெட் அடித்தவை. மேலே மூன்று அங்குலத் துளை, சீட்டைத் திரும்ப எடுக்க முடியாதபடி உள்பக்கம் ஒரு சரிவுத் தகடு. ஒன்றில் மஞ்சள் காகிதம் ஒட்டினான், பரந்தாமனுக்கு. ஒன்றில் பச்சை, மணவாளனுக்கு. படிக்கத் தெரியாதவனும் பார்த்துப் போடலாம். இரண்டு பெட்டியும் ஒரே எடை. அவன் வேலையில் குறை இல்லை.

1946 ஜூன் பதினாறு, ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிக்குச் சத்திரத்தில் ஓட்டு. ஓட்டுப் போட வருகிறவர் பங்கு ரசீதைக் காட்ட வேண்டும் என்பது விதி. அது முன்பே அச்சடித்து ஒட்டியிருந்தது. பரந்தாமனும் படிக்கச் சொல்லிக் கேட்டிருந்தார். கேட்டு, நல்ல விதி என்றும் சொல்லியிருந்தார்.

ஏழு மணிக்கே தெரு முழுக்க மணவாளன் வீட்டு வாசலில் நின்றது. ரசீது அங்கேதான் இருக்கிறது. சிங்காரம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"பரந்தாமா, உன் மர மில் முதலாளி வந்துட்டாருபா."

"இன்னா?"

"போய்ப் பாரு. சாராயம்தான் இல்ல. சூடம் கீது."

பரந்தாமன் போய்ப் பார்த்தார். கூடத்தில் இரும்புப் பெட்டி திறந்திருந்தது. அதன் முன்னால் ஒரு பித்தளைத் தட்டு. தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. ஒருவர் ஒருவராக உள்ளே போனார்கள். மணவாளன் ரசீதுக் கட்டைப் பிரித்து, பெயர் பார்த்து, ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். வந்தவன் உள்ளங்கையால் சூடத்தை அணைத்து, மலைமேல் இருக்கிறவன் சாட்சியாக என் ஓட்டு முதலாளிக்கே என்பான். ரசீது கை மாறும். அடுத்த சூடம் ஏற்றப்படும். அவ்வளவுதான். அதட்டல் இல்லை, மிரட்டல் இல்லை. வெளியே வந்தவர்களுக்குக் கமலா மோர் கொடுத்தாள்.

திருத்தணியில் முருகன் பெயரால் சூடம் அணைத்தவன் பேச்சு மாறமாட்டான். மாறினால் கண் போகும், பிள்ளை போகும். பரந்தாமனும் அப்படி நம்புகிறவர்தான். உள்ளே போனது வெளியே தெரியாத பெட்டி கேட்டு வாங்கியிருந்தார். அது மனிதர் கண்ணுக்குத்தான் தெரியாது.

முனியன் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "இன்னா பண்றது பரந்தாமா. வெண்கலப் பானை வித்த காசு. ரசீது இல்லன்னா அங்கத்தினனே இல்லைன்னுட்டாங்க."

"அது உன் ரசீதுபா. கேட்டு வாங்கறதுதானே?"

"நீதானே வாங்கிகினு போய்க் கொடுத்த."

பரந்தாமன் வாசற்படி ஏறினார். உள்ளே போனார். மணவாளன் அவரைப் பார்த்ததும் கட்டிலிருந்து ஒரு ரசீதை எடுத்து நீட்டினார். சூடம் ஏற்றவில்லை.

"உனக்கு எதுக்கு பரந்தாமா சத்தியம்? வெச்சிக்க. நீ ஒருத்தன்தானே."

அறையில் யாரோ சிரித்தார்கள். பரந்தாமன் ரசீதை வாங்கிக்கொண்டார்.

அங்கத்தினர்கள் நாற்பத்தொருவர். தெருவில் முப்பத்தெட்டுப் பேர். பிறகு மணவாளன், அம்மையார்குப்பத்து மருமகன் ஒருவர், பள்ளிப்பட்டு மருமகன் ஒருவர். மருமகன்கள் இருவரும் கரியில் ஓடும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குத் தறி கிடையாது. பங்கு இருந்தது. திரைக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர் முன்னால் ஏகாம்பரம் பூட்டுகளைத் திறந்தான். பச்சையில் முப்பத்தொன்பது. மஞ்சளில் இரண்டு. தேர்தல் ஒழுங்காக நடந்ததாக இன்ஸ்பெக்டர் எழுதினார். அது பொய் இல்லை.

ஒன்று பரந்தாமனுடையது. மற்றது யார் என்று இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. தெருக்கோடியில் இருக்கும் தங்கவேல், முப்பது வயது, குளத்தங்கரையில் அவரை நிறுத்தி மெதுவாகச் சொன்னான்.

"நான்தான் மாமா."

"சூடம் அணைக்கலையாடா நீ?"

"அணைச்சேன். கை சுட்டுது. அதோட சரி."

பரந்தாமன் அவனைத் திட்டினார். பிள்ளைகுட்டிக்காரன், மலைமேல் இருக்கிறவனோடு விளையாடாதே என்றார். ஆனால் அன்று இரண்டு வேளையும் சாப்பிட்டார் என்று வரலட்சுமி பிறகு சொன்னாள்.

அதன் பிறகு சங்கத்திலிருந்து பரந்தாமனுக்கு நூல் வரவில்லை. தரமாட்டேன் என்று மணவாளன் ஒரு நாளும் சொல்லவில்லை. இந்தத் தடவை குறைவாக வந்தது, அடுத்த தடவை பார்க்கலாம் என்றே சொன்னார். ஒவ்வொரு தடவையும் சொன்னார். மஞ்சளில் விழுந்த மற்ற ஓட்டு யாருடையது என்று மணவாளனுக்குத் தெரியாததால் தங்கவேலுக்கு நூல் நிற்கவில்லை. மற்றவர்களுக்கும் வந்தது, பன்னிரண்டு சிப்பத்திலிருந்து.

பரந்தாமன் கல்லுடைக்கப் போனார். மலைப்பாதை வேலைக்கு ஜல்லி உடைத்தார். நெசவு செய்த கை, சுத்தியலுக்குப் பழகவில்லை. மூன்றாவது மாதம் இடது கட்டைவிரல் நசுங்கியது. நகம் விழுந்து, கோணலாக முளைத்தது. அப்ரண்டிஸ் சம்பளத்தில் ஏகாம்பரம் மாதம் ஐந்து ரூபாய் அனுப்பினான். அதற்கு மேல் அவனிடம் இல்லை. தறிக்குழியில் தண்ணீர் ஊறி நின்றது. வரலட்சுமி அதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சொம்பால் இறைத்து ஊற்றினாள்.

ஒரு வருஷம் இப்படிப் போனது. 1947 ஜூனில் ஒரு நாள் கல் வேலை மதியத்தோடு நின்றது. பரந்தாமன் வீட்டுக்கு வந்தார். வரலட்சுமி இல்லை. தேடிக்கொண்டு போனவர், மணவாளன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் அவளைப் பார்த்தார். ராட்டையில் ஊடைக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். கூலிக்கு. எட்டு மாதமாக வருகிறாளாம். முன்வாசல் வழியாக வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அவளாகவே கொல்லை வழியாக வந்தாள். பரந்தாமன் சாப்பிட்ட சோறு அதிலிருந்து வந்தது.

அவள் அவரைப் பார்த்தாள். ராட்டையை நிறுத்தவில்லை.

"வூட்டுக்குப் போங்க. இதோ நாலு கண்டு நூல் இருக்குது, சுத்திட்டு வரேன்."

பரந்தாமன் வீட்டுக்குப் போகவில்லை. சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனார். மணவாளன் சாய்வு நாற்காலியில் இருந்தார். கமலா தம்பியைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வாடா தம்பி. உக்காரு."

"உக்கார வரலக்கா." மணவாளனைப் பார்த்தார். "பாவா, எனக்கு நூல் வேணும்."

"கொடுத்தா போச்சு. உனக்கு இல்லாத நூலா?"

"இன்னா செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம்பா. யாரு உன்னைக் கட்டாயப்படுத்தினா?" மணவாளன் கொஞ்ச நேரம் விசிறிக்கொண்டார். "ஆவணியில மறுபடி எலெக்‌ஷன். அந்தத் தங்கவேல் நிக்கப்போறானாம். யார் சொல்லிக் கொடுத்தானோ."

கமலா அழ ஆரம்பித்தாள். "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன்டா. உன் பொண்டாட்டி கொல்லையில உக்காந்துகினு கீறா. எனக்கு நெஞ்சு ஆறலடா."

தட்டை அவளேதான் கொண்டுவந்தாள். சூடத்தை அவளேதான் ஏற்றினாள். பரந்தாமன் வலது உள்ளங்கையை வைத்தார். உடனே எடுக்கவில்லை. தேவையானதைவிட அதிக நேரம் வைத்திருந்தார். கமலா பிடித்து இழுத்த பிறகே கையை எடுத்தார்.

மறுநாள் சிப்பத்திலிருந்து ஒரு கட்டு நூல் வந்தது. அதற்கு அடுத்த மாதம் ஒன்று. தறிக்குழி காய்ந்தது.

ஆகஸ்ட் பதினைந்தன்று மலைப்படி முழுக்கக் கொடி கட்டினார்கள். சங்கத்துக்கு மணவாளன் கொடியேற்றினார். பரந்தாமனும் போய் நின்றார். மிட்டாய் கொடுத்தார்கள். ஒன்பது நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, மறு தேர்தல். அதே சத்திரம், அதே திரை, ஏகாம்பரம் செய்த அதே பெட்டிகள். மஞ்சள் இப்போது தங்கவேலுக்கு.

தங்கவேல் போன தடவையே தன் ரசீதை மணவாளனிடம் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தான். மூங்கில் குழாயில் போட்டு, வாயை மெழுகால் அடைத்து, கூரையில் செருகியிருந்தான். மற்றவர்கள் ரசீதுகள் மழைக்குப் பயந்து பெட்டிக்கே போயிருந்தன. காலையில் மறுபடி சூடம்.

ஓட்டுக்கு முன்னால் தங்கவேல் பரந்தாமனிடம் வந்து, எதுவும் கேட்காமல், காலைத் தொட்டுக் கும்பிட்டான். பரந்தாமன் திரைக்குப் பின்னால் போனார். மற்றவர்கள் போனதும் வந்ததும் தெரியாமல் வந்தார்கள். அவர் வர நேரமானது. "பெரியவரே, ஆச்சா?" என்று இன்ஸ்பெக்டர் கூப்பிட்ட பிறகு வந்தார்.

அங்கே அவரை யாரும் பார்க்கவில்லை. மகன் செய்த பெட்டி எதையும் காட்டிக்கொடுக்காது. மஞ்சளில் போட்டிருக்கலாம்.

ஏகாம்பரம் பூட்டுகளைத் திறந்தான். பச்சையை எண்ண நேரம் பிடித்தது. நாற்பது. மஞ்சள் பெட்டியைச் சாய்த்தான். ஒரே ஒரு சீட்டு சரிவுத் தகட்டில் மாட்டிக்கொண்டிருந்தது. விரலை விட்டு எடுக்க வேண்டியிருந்தது. இன்னொன்று எங்காவது மாட்டியிருக்கிறதா என்று அவன் பெட்டியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். இரண்டு முறை பார்த்தான். இல்லை.

தங்கவேலுக்குத் தன் ஓட்டு தெரியும். அவன் பரந்தாமனிடம் வந்தான்.

"மாமா."

"சத்தியம் பண்ணிட்டேன்டா."

"நானும்தான் பண்ணேன் மாமா. போன வருசம்."

பரந்தாமன் துண்டை உதறித் தோளில் போட்டார். வேறெங்கும் போக இடமில்லாதவர்போல அங்கேயே நின்றார்.

தேர்தல் முடிந்த கையோடு, வந்த கூட்டம் கலைவதற்குள், சத்திரத்துத் தாழ்வாரத்தில் அந்த மாத நூலைக் கொடுத்தார்கள். பெயர் பெயராகக் கூப்பிட்டார்கள். பரந்தாமனுக்கு இரண்டு கட்டு. தங்கவேல் பெயரைக் கூப்பிடவில்லை. அவன் கடைசி வரை தூணில் சாய்ந்து நின்றுவிட்டு, வெறுங்கையோடு படியிறங்கிப் போனான். பரந்தாமன் இரண்டு கட்டையும் வாங்கிக்கொண்டு, கோணல் கட்டைவிரலை மையில் ஒற்றிக் கைநாட்டு வைத்தார்.